அமெரிக்கக் கறுப்பரும் யூதரும்: கூட்டாளிகளா, பகையாளிகளா?

நண்பர் கேட்டிருப்பது இது: “அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் யூதர்கள் உயிரையே கொடுத்தார்கள் என்று ஓரிடத்தில் படிக்கிறேன். அடிமை வாணிகத்தையே யூதர்கள்தான் நடத்தினார்கள், இரு சாராருக்கும் ஜென்மப் பகை என்று இன்னோரிடத்தில் படிக்கிறேன். எது உண்மை? இஸ்ரேல் விவகாரத்தால்தான் உறவு கெட்டதா?” ஒரே கேள்விபோலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. அடிமை வாணிகக் குற்றச்சாட்டு மெய்யா என்பது ஒன்று. அந்தப் பழைய கூட்டு எவ்வளவு தூரம் உண்மையானது என்பது இரண்டு. எது அதைக் கெடுத்தது என்பது மூன்று. முதலாவதற்குக் கறாராகப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்குச் சான்றுகள் ஏராளம். ஆனால் மாநாட்டு மேடையிலிருந்து பார்க்கிறோமா, தெருவிலிருந்து பார்க்கிறோமா என்பதைப் பொறுத்துச் சித்திரம் மாறும். மூன்றாவதில் வரலாற்றாசிரியர்களே கட்சி கட்டி நிற்கிறார்கள். நான் எந்தக் கட்சி என்பதை மறைக்கப் போவதில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. சொந்த ஊர் கோவில்பட்டி. 1993 முதல் 24 ஆண்டுகள் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். இடையில் மாலை வகுப்பில் சேர்ந்து அமெரிக்க வரலாற்றில் முதுகலை முடித்தேன். ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டது புரூக்ளின் பள்ளிகளின் கதை. ஆகவே நியூயார்க்கைப் பற்றிக் கொஞ்சம் துணிச்சலாகப் பேசுவேன். தெற்கு மாநிலங்களை ஏடுகள் வழியாகத்தான் அறிவேன். டெட்ராய்ட், லாஸ் ஏஞ்சலஸ் கதைகள் வேறு. அவற்றைத் தொடப் போவதில்லை.

அடிமை வாணிகத்தை முதலில் முடித்துவிடலாம். யூதர்கள் அதை ஆட்டிப்படைத்தார்கள் என்ற கதை பெருமளவில் புழக்கத்துக்கு வந்தது 1991இல், லூயி ஃபராக்கான் தலைமையிலான நேஷன் ஆஃப் இஸ்லாம் என்ற கறுப்பின முஸ்லிம் அமைப்பு வெளியிட்ட ஒரு நூலால். பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு. பார்வைக்கு ஆராய்ச்சி போலவே இருக்கும். அப்படிப்பட்ட பட்டியல்களில் வரும் பெயர்கள் பலவும் பொய்யல்ல. ரோட் ஐலண்டின் நியூபோர்ட் துறைமுகத்திலிருந்து ஏரன் லோப்பஸ் என்ற யூத வணிகர் அடிமைக் கப்பல்களை அனுப்பினார். சுரிநாமில் யூதர்கள் அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டம் நடத்தினார்கள். உள்நாட்டுப் போரின்போது தெற்கத்திய அடிமை மாநிலங்களின் கூட்டமைப்பில் ஜூடா பெஞ்சமின் என்ற யூதர் அமைச்சராக இருந்தார். இத்தனையும் சரி. மோசடி எங்கே என்றால், பின்னத்தின் தொகுதியை எழுதிவிட்டுப் பகுதியைக் கையால் மறைத்துக்கொள்வதில். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். ஏற்றியவர்கள் மிகப் பெரும்பாலும் போர்த்துகீசிய, பிரிட்டிஷ், பிரெஞ்சு, ஸ்பானிய, டச்சுக் கிறிஸ்தவ வணிகர்கள். பின்னால் நின்றவை அவர்களுடைய அரசுகள். அந்தப் பெரிய எண்ணைக் கீழே எழுதிவிட்டால் யூதர் பங்கு மிகச் சிறியது. அமெரிக்க வரலாற்றுக் கழகம் 1995இல் இந்தக் குற்றச்சாட்டு பொய் என்று அறிக்கையே வெளியிட்டது. அதே சமயம், யூதர்கள் அடிமை முறையை எதிர்த்து நின்றார்கள் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். தனித்தனியாகச் சிலர் எதிர்த்தார்கள். தெற்கில் வசதியாக இருந்த யூதர் பக்கத்து வீட்டு வெள்ளையர் செய்ததைத்தான் செய்தார்.

கூட்டு எப்போது தொடங்கியது என்று கேட்டால் பலரும் 1915ஐக் காட்டுவார்கள். ஜார்ஜியா மாநிலம் அட்லாண்டாவில் பென்சில் ஆலை ஒன்றின் மேற்பார்வையாளராக இருந்தவர் லியோ ஃபிராங்க், யூதர். ஆலையில் வேலை பார்த்த 13 வயதுச் சிறுமியைக் கொன்றதாக 1913இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆளுநர் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்ததும், 1915 ஆகஸ்டில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து அவரைத் தூக்கிச் சென்று மேரியெட்டா என்ற ஊரில் மரத்தில் தொங்கவிட்டது. கறுப்பர்களுக்கு நடப்பது நமக்கும் நடக்கும் என்று யூதர்கள் உணர்ந்த தருணம் இது என்று பாடநூல்கள் எழுதும். உண்மைதான், ஆனால் பாதி. ஃபிராங்குக்கு எதிரான முக்கிய சாட்சி அதே ஆலையின் கறுப்பினத் துப்புரவுப் பணியாளர். அவருடைய சாட்சியை உடைப்பதற்கு ஃபிராங்கின் வக்கீல்கள் கையில் எடுத்த ஆயுதம், கறுப்பன் பொய் சொல்வான் என்ற பழைய இழிசொல். ஃபிராங்க் நிரபராதி என்பதே இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் முடிவு. என் முடிவும் அதுதான். இருந்தாலும் அன்றைய கறுப்பினப் பத்திரிகைகள் அந்த வழக்கைக் கண்ணீரோடு படித்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது அல்லவா? தொடக்கப்புள்ளி என்று நாம் கொண்டாடும் இடத்திலேயே இரண்டு தரப்பும் எதிரெதிர்க் கூண்டில் நிற்கின்றன.

இதற்கு நேர் எதிரான கதையும் அதே ஆண்டுகளில்தான் நடந்தது. சியர்ஸ் ரோபக் என்ற பெரும் அஞ்சல்வழி வணிக நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்ட், கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனோடு சேர்ந்து தெற்கின் கிராமப்புறங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளி கட்டத் தொடங்கினார். 1912இல் ஆரம்பித்து 1932 வரையில் 15 மாநிலங்களில் ஏறக்குறைய 5,000 பள்ளிகள் எழும்பின. பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸ் சிறுவனாகப் படித்தது இத்தகைய பள்ளி ஒன்றில்தான். ரோசன்வால்ட் முழுத் தொகையையும் கொடுத்ததில்லை. ஊர் மக்களும் பங்கு போட வேண்டும் என்பது நிபந்தனை. பருத்தி விளைந்த நிலத்தில் ஒரு துண்டை ஒதுக்கி அதன் வருமானத்தைப் பள்ளிக்கு எழுதி வைத்தவர்கள் உண்டு. கோழி விற்றுக் காசு கொடுத்தவர்கள் உண்டு. மரம் வெட்டிக் கொடுத்தவர்கள் உண்டு. கடைசியில் கூட்டிப் பார்த்தால் ரோசன்வால்ட் நிதி தந்தது சுமார் 43 லட்சம் டாலர். அந்த ஏழை மக்கள் தந்தது சுமார் 47 லட்சம். மிச்சத்தில் பெரும்பகுதி அரசுப் பணம். பள்ளிகளுக்கு நிலைத்த பெயர் ரோசன்வால்ட் பள்ளிகள். அவர் தன் பெயரை வைக்கச் சொல்லிக் கேட்டவர் அல்லர், நல்ல மனிதர். ஆனாலும் கொடுப்பவர் கை மேலே, வாங்குபவர் கை கீழே என்ற அமைப்பு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்காக 1909இல் தொடங்கப்பட்ட என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பையே பாருங்கள். அன்றாட நிர்வாகம் 1920 முதல் கறுப்பினச் செயலாளர்கள் கையில் இருந்தது. தலைவர் நாற்காலியில் மட்டும் முதலில் ஒரு வெள்ளையர், பிறகு 1975 வரை யூதர்கள்: ஜோயல் ஸ்பிங்கார்ன், அவர் தம்பி ஆர்தர் ஸ்பிங்கார்ன், கிவி கப்லன். உழைத்தவர்கள்தான், பெயருக்கு உட்கார்ந்தவர்கள் அல்லர். ஆனால் 66 ஆண்டுகள் என்பது நீண்ட காலம்.

இது மாநாட்டு மேடையின் கதை. இனி தெருவுக்கு வருவோம். 1935இல் எல்லா பேக்கர், மார்வெல் குக் என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள், என்.ஏ.ஏ.சி.பி. நடத்திய இதழிலேயே ஒரு கட்டுரை எழுதினார்கள். நியூயார்க்கின் பிரான்க்ஸ் பகுதியில் சில தெருமுனைகளில் காலை எட்டு மணிக்கெல்லாம் கறுப்பினப் பெண்கள் வந்து நிற்பார்கள். ஆளுக்கொரு காகிதப் பை. உள்ளே வேலைக்கு மாற்றிக்கொள்ளப் பழைய உடை. அக்கம்பக்கத்து வீட்டு அம்மாக்கள் வந்து ஏற இறங்கப் பார்ப்பார்கள், பேரம் பேசுவார்கள், ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போவார்கள். மணிக்கு 15 சென்ட், நல்ல நாளில் 30. ஜன்னல் துடைத்து, தரை தேய்த்து, துணி துவைத்து முடித்த பிறகு கடிகாரத்தைத் திருப்பி வைத்துக் கூலியைக் குறைக்கிற வீடுகளும் இருந்தன. அந்தத் தெருமுனைகளுக்கு மக்கள் வைத்த பெயர் அடிமைச் சந்தை. அந்த வட்டாரம் அன்று பெரும்பாலும் யூதர்கள் வாழ்ந்தது. வேலைக்கு அமர்த்திய வீடுகளில் பல, கணவன் தையல் ஆலையில் வாரக்கூலி வாங்குகிற வீடுகள். பொருளாதாரப் பெருமந்தம் வருவதற்கு முன் இவர்களுக்கு வேலைக்காரி வைக்கிற யோசனையே வந்திருக்காது. கூலி அவ்வளவு தாழ்ந்துபோனதால் வந்தது. ஏழை, பரம ஏழையை அமர்த்தினாள்.

நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லத்தில் இதே கதை கடை வடிவில் நடந்தது. கறுப்பர்கள் வருவதற்கு முன் ஹார்லத்தில் யூதர்கள் பெருந்தொகையாக வாழ்ந்தார்கள். குடும்பங்கள் கிளம்பிப் போயின. கடைகளும் வாடகைக் கட்டடங்களும் பல இடங்களில் அவர்கள் பெயரிலேயே இருந்தன. கறுப்பருக்கு வீடு வாடகைக்கே விடாத வெள்ளையர் எத்தனையோ வட்டாரங்களில் இருந்தார்கள். ஆனால் அவர்கள் முகத்தை ஹார்லத்துக்காரர் தினமும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வாடகை வசூலிக்க வந்தவர், மளிகைக்கடையில் கடன் எழுதியவர், அடகுக்கடையில் மோதிரத்தைத் தட்டிப் பார்த்தவர், இவர்கள்தான் கண்ணுக்குத் தெரிந்த வெள்ளையர்கள். 125ஆம் தெருவின் பெரிய ஜவுளிக் கடையான புளும்ஸ்டைன், வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் கறுப்பர்களாக இருந்தும் விற்பனைப் பெண்களாகக் கறுப்பரை வைத்ததில்லை. “வேலை தராத கடையில் பொருள் வாங்காதே” என்று மறியல் நடந்து, 1934இல்தான் 15 பேரை எடுக்கச் சம்மதித்தது. (1958இல் மார்ட்டின் லூதர் கிங்கை ஒரு மனநோயாளிப் பெண் கத்தியால் குத்தியது இதே கடைக்குள்தான். அங்கே புத்தகத்தில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார்.) எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் ஹார்லத்தில் பிறந்து வளர்ந்தவர். யூதர் மீது கறுப்பருக்கு உள்ள கசப்பு அடிப்படையில் வெள்ளையர் மீதான கசப்புதான் என்று அவர் 1967இல் எழுதினார். வாடகை வாங்குகிற வீட்டுக்காரர் என்ற பதவியில் நிற்கிறவர் யூதராக இருப்பதால் அது அவர் மேல் விழுகிறது. துன்பம் அறிந்த இனம் என்பதால் எதிர்பார்ப்பும் கூட, ஏமாற்றமும் கூட என்பது அவர் வாதம். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. ஆனால் இதையே சாக்காக வைத்துப் பழைய யூத வெறுப்பைப் பேசியவர்களும் இருந்தார்கள் என்பதை பால்ட்வினின் வாதம் மூடிவிடக் கூடாது.

இந்தப் பின்னணியோடு 1960களைப் பாருங்கள். அந்த ஆண்டுகளின் தியாகம் போலி அல்ல. 1963 ஆகஸ்டில் வாஷிங்டன் பேரணியில் கிங் தன் கனவைப் பற்றிப் பேசுவதற்குச் சற்று முன்னால் பேசியவர் யோவாகிம் பிரின்ஸ் என்ற யூத மதகுரு. ஹிட்லர் காலத்தில் பெர்லினில் ரப்பியாக இருந்தவர். அங்கே தான் கற்ற பாடம், வெறுப்பைவிடக் கேவலமானது மௌனம் என்றார். அதே ஆண்டு ஜனவரியில் சிகாகோவில் மதமும் இனமும் பற்றிய மாநாடு. மதமும் இனமும் பற்றி நடந்த முதல் மாநாட்டுக்கு வந்தவர்கள் மோசேயும் பார்வோனும், அது இன்னும் முடிந்தபாடில்லை என்று தொடங்கினார் ரப்பி ஆபிரகாம் ஹெஷல். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மோசே மக்களை மீட்ட கதையான யாத்திராகமத்தை இரு சமூகமும் படித்தவை. “என் ஜனங்களைப் போகவிடு” என்பதை யூதர் பஸ்கா விருந்தில் நினைவுகூர்வார்கள். கறுப்பர்கள் பருத்திக் காட்டில் பாடினார்கள். 1965இல் அலபாமா மாநிலம் செல்மாவில் நடந்த வாக்குரிமை ஊர்வலத்தில் கிங்கோடு முதல் வரிசையில் நடந்த ஹெஷல், என் கால்களே ஜெபித்தன என்றார்.

1964 ஜூன் 21ஆம் தேதி மிசிசிப்பி மாநிலத்தில் மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். ஜேம்ஸ் சேனி, 21 வயது, உள்ளூர்க் கறுப்பர். ஆண்ட்ரூ குட்மேன், 20. மைக்கேல் ஷ்வெர்னர், 24. இருவரும் நியூயார்க் யூதர்கள். எரிக்கப்பட்ட ஒரு கறுப்பினத் தேவாலயத்தைப் பார்க்கப் போனவர்களைக் காவல்துறை பிடித்து வைத்து, இரவில் விடுவித்து, கொலைகாரர்கள் கையில் சேர்த்தது. 44 நாள் கழித்து ஒரு மண் அணையின் அடியில் உடல்கள் கிடைத்தன. ஷ்வெர்னரின் பெற்றோர் தங்கள் மகனைச் சேனியின் பக்கத்தில் புதைக்க விரும்பினார்கள். மிசிசிப்பியில் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனி இடுகாடு, அது நடக்கவில்லை. இந்த மூவரைத் தேடியபோது ஆற்றில் வேறு இரண்டு உடல்கள் கிடைத்தன: சார்லஸ் மூர், ஹென்றி டீ, இருவரும் 19 வயதுக் கறுப்பர்கள். மே மாதமே கொல்லப்பட்டிருந்தார்கள். அவர்களை நாடு தேடவில்லை. சேனி மட்டும் காணாமல் போயிருந்தால் இந்தத் தேடலே நடந்திருக்காது என்று வாய்விட்டுச் சொன்னவர் ஷ்வெர்னரின் மனைவி ரீட்டா. தியாகத்துக்குள்ளேயே இருந்த ஏற்றத்தாழ்வை அந்தப் பெண் துக்கத்தின் நடுவிலும் பார்த்துவிட்டார்.

உரிமைப் போராட்டத்தில் உதவத் தெற்கே போன வெள்ளைத் தன்னார்வலர்களில் பாதிப் பேர் யூதர்கள் என்று அடிக்கடி எழுதுவார்கள். மக்கள்தொகையில் யூதர் அப்போது சுமார் 3 சதவீதம். அந்த விகிதத்தைவிடப் பல மடங்கு போனார்கள் என்பது நிச்சயம். பாதி என்பது மதிப்பீடு. பேருந்தில் ஏறியவர்களிடம் யாரும் மதம் கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லை. அவர்களில் பலர் ஜெப ஆலயப் பக்கமே போகாத இடதுசாரி இளைஞர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வடக்கிலிருந்து போன யூதரும் தெற்கிலேயே குடியிருந்த யூதரும் ஒருவர் அல்லர். தெற்கத்திய யூதருக்குக் கடைவீதியில் கடை இருந்தது, பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளியில் படித்தார்கள். வடக்கத்தியர் வந்து கிளறிவிட்டுப் போனபின் அடி வாங்கப் போவது தாங்கள் என்று பயந்தார்கள். பயம் வீண்பயமும் அல்ல. அட்லாண்டாவில் ரப்பி ஜேக்கப் ராத்சைல்ட் இனப் பிரிவினையை எதிர்த்துப் பேசிவந்தார்; 1958 அக்டோபரில் அவருடைய ஜெப ஆலயத்தை டைனமைட் வைத்துத் தகர்த்தார்கள். அவர் அதன் பிறகும் பேசினார். பெரும்பாலோர் பேசவில்லை.

இந்தக் காலத்தை எடைபோட ஒரே ஓர் உதாரணம் சொல்லச் சொன்னால் நான் மேடைகளை விட்டுவிட்டு லெவிட்டவுனைச் சொல்வேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடுத்தர மக்களுக்கு மலிவு விலையில் ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டி ஊர் ஊராக எழுப்பியவர் வில்லியம் லெவிட், யூதர். கறுப்பருக்கு ஒரு வீடும் விற்க மாட்டார். யூதனாகிய என் மனதில் இன வெறுப்புக்கு இடமில்லை, ஆனால் ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு விற்றால் வெள்ளையர் வாங்க வரமாட்டார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். 1957இல் பென்சில்வேனியா லெவிட்டவுனில் மையர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் முதல் உரிமையாளரிடமிருந்து ஒரு வீட்டை வாங்கிக் குடிவந்தது. கல்வீச்சு, வசை, வாரக்கணக்கில் கும்பல். வீடு வாங்க உதவி, கும்பலுக்கு நடுவே பக்கத்தில் நின்றது அடுத்த வீட்டு வெக்ஸ்லர் குடும்பம், அவர்களும் யூதர்கள். இந்த இரண்டு யூதரில் யார் “யூதர்கள்”? மையர்ஸ் வீட்டுக்கும் வெக்ஸ்லர் வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒரு புல்தரை மட்டும்தான்.

முறிவுக்கு வருவோம். என் கட்சி இது: உறவு முதலில் முறிந்தது பள்ளிக்கூட வாசலில், வேலைக்காகவும் அதிகாரத்துக்காகவும். இஸ்ரேல் பிறகு வந்து சேர்ந்தது. 1966க்குள்ளேயே இளம் கறுப்பினப் போராளிகள், எங்கள் இயக்கத்தை நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்று வெள்ளையரை வெளியேறச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஸ்பிங்கார்ன் கதையைப் படித்தவருக்கு அதில் வியப்பில்லை. அந்தக் கோரிக்கை நியூயார்க்கில் ஓர் ஊர்ச் சண்டையாக வெடித்தது 1968இல், புரூக்ளினின் ஓஷன் ஹில்-பிரவுன்ஸ்வில் வட்டாரத்தில். ஒரு தலைமுறைக்கு முன் அது யூதத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். 1968இல் மாணவர்கள் கறுப்பர்கள், புவேர்ட்டோ ரிக்கோ தீவின் வழியினர். ஆசிரியர்களில் பெரும்பாலோர் யூதர்கள். பள்ளி நிர்வாகத்தை வட்டார மக்களிடமே ஒப்படைக்கும் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. கிங் கொல்லப்பட்டு ஐந்து வாரம் ஆகியிருந்தது. மே மாதம் 9ஆம் தேதி வட்டார நிர்வாகம் 19 ஆசிரியர்களையும் நிர்வாகிகளையும், பெரும்பாலும் யூதர்களை, இங்கே உங்களுக்கு வேலையில்லை என்று கடிதம் கொடுத்து அனுப்பியது. ஆல்பர்ட் ஷாங்கர் தலைமையிலான ஆசிரியர் சங்கம் அந்த இலையுதிர் காலத்தில் நகரம் முழுக்க மூன்று முறை வேலைநிறுத்தம் செய்தது. மொத்தம் 36 பள்ளி நாள், சுமார் 10 லட்சம் பிள்ளைகள் வீட்டில். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே சங்கம்தான் கிங்குக்கு விருது கொடுத்தது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தச் சண்டை முடிந்து 25 ஆண்டு. ஆசிரியர் அறையில் அது முடியவில்லை. எங்கள் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் 1968இல் மறியலில் நின்றவர். அப்பா பிரவுன்ஸ்வில்லிலேயே தையல் ஆலையில் இஸ்திரி போட்டவர். “தேர்வு எழுதித்தான் உள்ளே வந்தேன். விசாரணை இல்லாமல் ஒரு கடிதத்தில் வெளியே போ என்றால் எதற்கு சங்கம்?” என்பார். பள்ளி அலுவலகத்தைக் கவனித்துக்கொண்ட கறுப்பின அம்மையார் அந்த வட்டாரப் பள்ளியில் அப்போது 12 வயது மாணவி. அவர் அதை வேலைநிறுத்தம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. “எங்கள் பள்ளி திறந்திருந்த வருடம்” என்பார். காரணம், நகரமே மூடிக் கிடந்தபோது அந்த வட்டாரப் பள்ளிகள் புது ஆசிரியர்களை வைத்து நடந்தன. போலீஸ் தடுப்புகளுக்கு நடுவே நடந்து போனதும், அதுவரை யாரும் சொல்லித் தராத ஆப்பிரிக்க வரலாற்றைக் கழுத்துப்பட்டி கட்டாத ஓர் இளம் வாத்தியார் நடத்தியதும் அவருக்கு மறக்கவில்லை. அந்த இளம் வாத்தியார் யூதர். இதில் ஆச்சரியமில்லை, சங்கத்தை மீறி அங்கே வேலைக்கு வந்த புதியவர்களில் யூத இளைஞர்கள் கணிசம். இதைச் சொன்னால் என் சமூக அறிவியல் நண்பர் சட்டென்று எழுந்து போய்க் காபி ஊற்றிக்கொள்வார்.

அந்த மறியலின்போது யூதரை இழித்து எழுதிய துண்டறிக்கை ஒன்று வட்டாரத்தில் புழங்கியது. எழுதியவர் யார் என்பது தெளிவாகவில்லை. சங்கம் அதைச் சுமார் 5 லட்சம் படிகள் அச்சிட்டு நகரம் முழுக்க விநியோகித்தது, பாருங்கள் எங்களை எப்படிப் பேசுகிறார்கள் என்று. துண்டறிக்கையும் நிஜம், அதைப் பெரிதாக்கிய தந்திரமும் நிஜம். அதே குளிர்காலத்தில் ஜூலியஸ் லெஸ்டர் என்ற கறுப்பின எழுத்தாளரின் வானொலி நிகழ்ச்சியில் ஒரு மாணவி எழுதிய யூத வெறுப்புக் கவிதை வாசிக்கப்பட்டது. நகரமே கொதித்தது, லெஸ்டரை விரட்டச் சொன்னார்கள். அந்த லெஸ்டர் 1982இல் யூத மதத்தைத் தழுவினார். அவருடைய பூட்டனார் ஒருவர் ஜெர்மன் யூதர். வரலாறு சில சமயம் கதாசிரியர்களைவிடத் துணிச்சலாக எழுதும்.

1970களில் சண்டை நீதிமன்றத்துக்குப் போனது. கல்லூரியில் சிறுபான்மையினருக்கு இடம் ஒதுக்குவதை எதிர்த்து ஆலன் பாக்கி என்பவர் தொடுத்த வழக்கில், 1978இல் தீர்ப்பு வந்தது, பெரிய யூத அமைப்புகள் சில வழக்குத் தொடுத்தவர் பக்கம் நின்றன. கறுப்பின அமைப்புகளுக்கு இது துரோகமாகப் பட்டது. தமிழ் வாசகர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நமக்கு ஒதுக்கீடு என்றால் அடைத்திருந்த கதவு திறப்பது. அமெரிக்க யூதருக்கு ‘கோட்டா’ என்ற சொல் 1920களில் ஹார்வர்டு போன்ற பல்கலைக்கழகங்கள் யூத மாணவரைக் குறைக்கக் கையாண்ட உச்சவரம்பு. ஒரே சொல்லைக் கேட்டு ஒருவர் கதவையும் மற்றவர் கூரையையும் பார்த்தார்கள். அந்தப் பயத்தை நான் புரிந்துகொள்கிறேன். அதே காலத்தில் யூதர்கள் வெள்ளையர் என்ற வரிசைக்குள் ஏறிவிட்டார்கள், வீட்டுக் கடனும் புறநகரும் அவர்களுக்குக் கிடைத்தன, கறுப்பருக்குக் கிடைக்கவில்லை என்பதை அந்தப் பயம் கணக்கில் எடுக்கவில்லை என்பதும் என் கருத்து.

இஸ்ரேலைப் பற்றி. 1948இல் கறுப்பினத் தலைவர்கள் பெரும்பாலும் அந்த நாட்டை வரவேற்றார்கள். அரபு நாடுகளோடு போர் நிறுத்த ஒப்பந்தங்களைப் பேசி முடித்து 1950இல் நோபல் பரிசு பெற்ற ரால்ஃப் பஞ்ச் கறுப்பர். 1967 போருக்குப் பின் இளம் போராளிகள் பாலஸ்தீனர் பக்கம் சாய்ந்தார்கள். 1979இல் ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதராக இருந்த கறுப்பினத் தலைவர் ஆண்ட்ரூ யங், பாலஸ்தீன விடுதலை இயக்கப் பிரதிநிதியைச் சந்தித்ததற்காகப் பதவி விலக நேர்ந்தது; யூத அமைப்புகளின் நெருக்கடிதான் காரணம் என்று கறுப்பர் பலர் நம்பினார்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு விரிசல் மீண்டும் பெரிதாகியிருக்கிறது. ஆகவே இஸ்ரேல் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரவுன்ஸ்வில் வாசலில் மறியல் நடந்தபோது எந்தத் தட்டியிலும் காசா இல்லை என்பதை மட்டும் சொல்வேன். வெளியுறவே முதல் காரணம் என்று வாதிடும் தகுதியான ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் படியுங்கள்.

1991 ஆகஸ்ட் 19 இரவு புரூக்ளினின் கிரவுன் ஹைட்சில் நடந்ததை இங்கே விட முடியாது. ஹசிடிக் என்ற ஆசாரமான யூதப் பிரிவின் சமயத் தலைவர் ஒருவரின் வாகன வரிசையில் கடைசியாக வந்த கார், கட்டுப்பாடு இழந்து நடைபாதையில் ஏறி, கயானாவிலிருந்து வந்த குடும்பத்தின் 7 வயதுச் சிறுவன் கேவின் கேட்டோவைக் கொன்றது. யூதர்களின் தனியார் ஆம்புலன்ஸ் முதலில் வந்தது. அடிபட்ட காரோட்டியைக் கூட்டம் தாக்கியதால் அவரை ஏற்றிச் செல்லும்படி போலீஸ் உத்தரவிட்டது; சிறுவனை நகராட்சி ஆம்புலன்ஸ் எடுத்துச் சென்றது. யூத ஆம்புலன்ஸ் கறுப்புக் குழந்தையை விட்டுவிட்டுப் போனது என்ற பேச்சு தெருவெங்கும் பரவியது. மூன்று மணி நேரத்தில், விபத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத, ஆஸ்திரேலியாவிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருந்த யாங்கல் ரோசன்பாம் என்ற 29 வயது யூதரைக் கும்பல் சூழ்ந்து கத்தியால் குத்தியது. மூன்று நாள் கலவரம். நகரின் முதல் கறுப்பின மேயர் டேவிட் டிங்கின்ஸ் அடுத்த தேர்தலில் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு ஆண்டு கழித்து நான் அங்கே வீடு தேடியபோது, வாடகைத் தரகர் ஒரு தெருவைக் காட்டி, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டார். எனக்கு அப்போது கேள்வியே புரியவில்லை.

இன்றைய நிலையைக் கேட்டால், ஜார்ஜியாவைப் பாருங்கள் என்பேன். 2021 ஜனவரியில் அந்த மாநிலம் கிங் போதித்த தேவாலயத்தின் போதகர் ராஃபேல் வார்னாக்கையும், இளம் யூதரான ஜான் ஆசாஃபையும் ஒரே நாளில் செனட்டுக்குத் தேர்ந்தெடுத்தது. இருவரும் சேர்ந்தே பிரசாரம் செய்தார்கள். ஆசாஃப், ரோசன்வால்ட் பள்ளி மாணவரான அதே ஜான் லூயிசிடம் பயின்றவர். பதவியேற்றபோது அவர் கை வைத்த வேதநூல், ஜெப ஆலயம் தகர்க்கப்பட்ட ரப்பி ராத்சைல்டுக்குச் சொந்தமாக இருந்தது. 2024 நவம்பரில் இஸ்ரேலுக்குப் போகும் சில ஆயுதங்களைத் தடுக்க செனட்டில் தீர்மானம் வந்தபோது இருவருமே ஆதரித்து வாக்களித்தார்கள். தீர்மானம் தோற்றது. ஜார்ஜியாவின் யூத அமைப்புகள் பல சேர்ந்து கண்டனக் கடிதம் எழுதின. கறுப்பினப் போதகர் பெயரும் யூதர் பெயரும் ஒரே கடிதத்தில் இருந்தன.